பிறந்த குழந்தைக்கு வலிப்பு வந்தால் அது பிரசவம் பார்த்தவரின் தவறுதானா?

கேள்வியின் சாரம் இது. தங்கைக்கு நிறைமாதப் பிரசவம். கடைசி நேரத்தில் வேக்குவம் (தலையில் கிண்ணம் பொருத்தி உறிஞ்சி இழுக்கும் கருவி) வைத்துக் குழந்தையை எடுத்திருக்கிறார்கள். பிறந்தவுடன் அழவில்லை, ஆனால் சில நிமிடங்களில் தேறித் தாயிடம் பாலும் குடித்திருக்கிறது. 16 மணி நேரம் கழித்து வலது கை மட்டும் வெட்டி வெட்டி இழுக்க, தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்திருக்கிறார்கள். "ஆக்சிஜன் குறைந்துவிட்டது" என்ற ஒரு வரிக்கு மேல் யாரும் விளக்கவில்லை. இது பிரசவம் பார்த்தவரின் தவறுதானே, வழக்குப் போடலாமா என்று அண்ணன் கேட்கிறார். ஒரே கேள்வியாகத் தோன்றினாலும் இதற்குள் நான்கு இருக்கின்றன. வந்தது வலிப்புதானா? வலிப்பு என்றால் மூளைக்கு என்ன நேர்ந்தது? அது எப்போது நேர்ந்தது? கவனமான வேறொருவர் அந்த இடத்தில் இருந்திருந்தால் அதைத் தவிர்த்திருக்க முடியுமா? முதல் மூன்றுக்கும் விடை தெரியாமல் நான்காவதற்குத் தாவுவதால்தான் உறவினர்களும் வழக்கறிஞர்களும், சில சமயம் மருத்துவர்களுமே, தடம் மாறிப் போகிறார்கள்.

நான் பச்சிளங்குழந்தை மருத்துவத்தில் நெடுங்காலம் இருப்பவன். இத்தகைய வழக்குகளில் கேஸ் ஷீட்டைப் படித்துக் கருத்துச் சொல்லும் வேலையும் செய்திருக்கிறேன். சட்டம் படித்தவன் அல்ல. உங்கள் தங்கையின் குழந்தையை நான் பார்க்கவும் இல்லை. ஆகவே கீழே உள்ளதை எப்படி யோசிப்பது என்பதற்கான வழிகாட்டலாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், அது வலிப்புதானா? பச்சிளங்குழந்தையின் வலிப்பு பெரியவர்களுக்கு வருவதுபோல் இருக்காது. கண் ஒரு பக்கமாகச் செருகி நிற்கும், உதடு சப்புக்கொட்டும், கால்கள் சைக்கிள் மிதிப்பதுபோல் அசையும், சில நேரம் மூச்சு நின்று உடல் நீலம் பாயும், அவ்வளவுதான். மறுபுறம், வலிப்புபோலத் தெரியும் பல அசைவுகள் வலிப்பே அல்ல. நடுங்கும் கையை மெல்லப் பிடித்தால் நடுக்கம் நின்றுவிடுகிறதா என்று பாருங்கள். நின்றால் அது பெரும்பாலும் வெறும் நடுக்கம். பிடித்த பிறகும் உங்கள் உள்ளங்கைக்குள் அதே தாளத்தில் வெட்டிக்கொண்டிருந்தால் வலிப்பு என்றே கொள்ள வேண்டும். தூக்கத்தில் மட்டும் வந்து, விழித்தவுடன் மறையும் உதறல் கெடுதல் இல்லாதது. இதைவிடச் சிக்கலான விஷயம் ஒன்று உண்டு. இந்த வயதில் மூளைக்குள் ஓடும் வலிப்புகளில் பெரும்பகுதி வெளியே எந்த அடையாளமும் காட்டுவதில்லை. வலிப்பு மருந்து ஏற்றிய பிறகு கை அசைவு நின்றிருக்கும், மூளையின் மின்னலைகளைப் பதியும் இஇஜி சோதனையில் வலிப்பு தொடர்ந்துகொண்டிருக்கும். அதனால்தான் சர்வதேச வலிப்பு எதிர்ப்புக் கழகம் 2021-ல் வெளியிட்ட வகைப்பாட்டில் பச்சிளங்குழந்தை வலிப்பை உறுதிசெய்ய இஇஜியை நடுநாயகமாக வைத்தது. குழந்தைக்கு இஇஜி எடுத்தார்களா, எத்தனையாவது மணியில் எடுத்தார்கள் என்பதை முதலில் கேட்டு வாருங்கள். ஒரு கை மட்டும் தாளம் தப்பாமல் வெட்டியது என்ற உங்கள் விவரிப்பு உண்மையான வலிப்பைத்தான் காட்டுகிறது என்பது என் ஊகம்.

அடுத்தது காரணம். நிறைமாதக் குழந்தைகளில் ஆயிரத்துக்கு ஒன்று முதல் ஐந்து பேர் வரை வலிப்பு வருகிறது. அவற்றில் முதலிடம் மூளைக்கு ஆக்சிஜனும் ரத்த ஓட்டமும் குறைவதால் ஏற்படும் பாதிப்புக்குத்தான். அடுத்த இடங்களில் மூளை ரத்தக்குழாய் அடைப்பு, அதாவது குழந்தைக்கு வரும் ஸ்ட்ரோக், பிறகு மூளையில் ரத்தக்கசிவு. மூளைக்காய்ச்சல் போன்ற தொற்றுகள், ரத்தத்தில் சர்க்கரையோ கால்சியமோ குறைவது, பிறவி வளர்சிதைமாற்றக் கோளாறுகள், மரபணுக் காரணங்கள் ஆகியவையும் உண்டு. வைட்டமின் பி6 கொடுத்தால் மட்டும் அடங்கும் அரிய வலிப்புகூட இருக்கிறது. வலிப்பு தொடங்கும் நேரம் ஓரளவு துப்புக் கொடுக்கும். ஆக்சிஜன் குறைவால் வருவது பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்துக்குள் வந்துவிடும்.

உங்கள் விவரத்தில் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது, வலிப்புக்கு முந்திய அந்த 16 மணி நேரம். பிரசவ நேரத்து ஆக்சிஜன் குறைவால் மூளை பாதிக்கப்பட்ட குழந்தை பொதுவாகத் துவண்டு கிடக்கும். கண் திறக்காது, திறந்தால் வெறித்துப் பார்க்கும். பால் உறிஞ்சாது. வலிப்பு என்பது அந்த மந்தநிலையின் ஒரு பகுதியாக வருவது. இடையில் விழிப்பாக இருந்து, நன்றாகப் பால் குடித்து, பிறகு உடலின் ஒரே பக்கத்தில் மட்டும் வெட்டும் குழந்தைக்கு ஸ்ட்ரோக் இருக்கிறதா என்றுதான் நாங்கள் முதலில் தேடுவோம். இடது மூளைக்கு ரத்தம் கொண்டுசெல்லும் நடுப்பெருமூளைத் தமனியில்தான் அடைப்பு அதிகம் ஏற்படுகிறது. அதனால் வலது கை, வலது கால். இது சில ஆயிரம் பிறப்புகளில் ஒன்றில் நடக்கிறது. பெரும்பாலான குழந்தைகளில் துல்லியமான காரணம் கடைசி வரை பிடிபடுவதில்லை. நஞ்சுக்கொடியில் உண்டான ரத்தக்கட்டி சிதறி மூளைக்குப் போவது என்பது வலுவான கருதுகோள், அவ்வளவே. கடினமான பிரசவங்களுக்குப் பிறகு ஸ்ட்ரோக் சற்று அதிகம் என்று சில ஆய்வுகள் காட்டினாலும், அது காரணமா உடன்நிகழ்வா என்பது தீரவில்லை. உங்கள் தங்கையின் குழந்தைக்கு ஸ்ட்ரோக்தான் என்று நான் சொல்லவில்லை. "ஆக்சிஜன் குறைந்துவிட்டது" என்ற வரியை எம்ஆர்ஐ பார்க்காமல் ஏற்றுக்கொள்ளாதீர்கள் என்கிறேன்.

உண்மையில் ஆக்சிஜன் குறைந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஒற்றைச் சான்று எதுவும் போதாது. பல தடயங்கள் ஒரே திசையைக் காட்ட வேண்டும். அப்கார் மதிப்பெண் எல்லோரும் அறிந்தது. மயக்கவியல் மருத்துவர் வர்ஜீனியா அப்கார் 1952-ல் இதை வகுத்தது, பிறந்த குழந்தைக்கு உடனடி உதவி தேவையா என்று விரைவாகப் பார்ப்பதற்கு. யார் தவறு என்று தீர்ப்பதற்கு அல்ல. முதல் நிமிட மதிப்பெண்ணை வைத்து எதையும் நிறுவ முடியாது. ஐந்தாவது, பத்தாவது நிமிடங்களில் பத்துக்கு 5-க்குக் கீழே இருந்தால் கவனிக்க வேண்டும். அதைவிட நம்பகமானது, பிறந்தவுடன் தொப்புள்கொடித் தமனியிலிருந்து எடுக்கும் ரத்தப் பரிசோதனை. அதில் பிஎச் அளவு 7.0-க்குக் கீழே, அதாவது ரத்தம் மிகவும் அமிலமாகி, அல்லது அதே அமிலச் சேர்க்கையைக் காட்டும் காரக் குறைபாடு 12-க்கு மேலே என்றால் பிரசவத்தின்போது குழந்தை மூச்சுக்குத் திண்டாடியதற்கு அது நல்ல சான்று. 7.2-க்கு மேல் இருந்தால் அந்த வாதம் ஏறக்குறைய நிற்காது. சிறுநீரகம், கல்லீரல், இதயம் ஆகியவையும் சேர்ந்து அடிபட்டிருக்கின்றனவா என்பது இன்னொரு தடயம். பிறகு எம்ஆர்ஐ. கர்ப்பப்பை கிழிவது, தொப்புள்கொடி முன்னே சரிவது, நஞ்சுக்கொடி பிரிவது போன்று திடீரென்று முழுமையாக ரத்த ஓட்டம் நிற்கும்போது மூளையின் ஆழப் பகுதிகளான தலாமஸும் அடித்தள நரம்பணுத் திரள்களும் முதலில் அடிபடும். மணிக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்திருந்தால், பெரிய ரத்தக்குழாய்களின் எல்லைகள் சந்திக்கும் இடங்களில் பாதிப்புத் தெரியும். சர்க்கரை குறைவால் வருவது பெரும்பாலும் தலையின் பின்புறத்தில். ஸ்ட்ரோக் ஒரே தமனியின் எல்லைக்குள் அடங்கியிருக்கும். இந்தப் படங்கள் முதல் வாரத்துக்குள் எடுத்தால்தான் நன்றாகப் பேசும். பத்து நாள் கடந்தால் சில தடயங்கள் மங்கிவிடுகின்றன. படம் எந்த வகைப் பாதிப்பு என்பதை நன்றாகச் சொல்லும். எந்த நாள் என்பதைத் தோராயமாகச் சொல்லும். எந்த மணி என்பதைச் சொல்லாது. எம்ஆர்ஐயை வைத்து "காலை நான்கு மணிக்கும் ஐந்து மணிக்கும் இடையில் நடந்தது" என்று யாராவது எழுதிக் கொடுத்தால் அந்த அறிக்கையைச் சந்தேகப்படுங்கள்.

வேக்குவத்தைப் பற்றி நீங்கள் அழுத்திக் கேட்டிருக்கிறீர்கள். தலை தாழ இறங்கி, குழந்தையின் இதயத்துடிப்பு சரியும்போது அதை விரைவாக வெளியே கொண்டுவரப் பயன்படும் கருவி அது. பயன்படுத்தியதே தவறு என்று சொல்ல முடியாது. சில நேரம் பயன்படுத்தாததுதான் தவறாகும். உச்சந்தலையில் விழும் வீக்கம் பெரும்பாலும் ஓரிரு நாளில் வற்றிவிடும். ஒரு எலும்பின் மேல் மட்டும் தேங்கும் ரத்தக்கட்டி சில வாரங்களில் கரையும். மண்டையோட்டுக்குள் மெல்லிய ரத்தக்கசிவு சாதாரணச் சுகப்பிரசவத்திலும், எந்தத் தொந்தரவும் இல்லாத குழந்தைகளிலும் எம்ஆர்ஐயில் தென்படுவதுண்டு. அதை மட்டும் பார்த்துக் குற்றம் சுமத்த இயலாது. உண்மையில் அஞ்ச வேண்டியது வேறு: தலைத்தோலின் அடியில் உள்ள தளர்வான இடைவெளியில் கசியும் ரத்தம். மூன்று கிலோ குழந்தையின் உடலில் மொத்தமே சுமார் 250 மில்லி ரத்தம்தான். அந்த இடைவெளி அதில் பெரும்பகுதியை விழுங்கிவிடக்கூடியது. வீக்கம் எலும்பு விளிம்புகளில் நிற்காமல் காதுப் பக்கமும் பிடரிப் பக்கமும் பரவும். அழுத்தினால் தளதளவென்று நகரும், குழந்தை வெளுத்துப் போகும், தலைச் சுற்றளவு மணிக்கு மணி கூடும். வேக்குவம் வைத்த குழந்தையின் தலையைப் பிறந்த பின்னும் சில மணி நேரம் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பது இதனால்தான். எத்தனை முறை இழுத்தார்கள், கிண்ணம் எத்தனை முறை கழன்றது, மொத்தம் எத்தனை நிமிடம், தோற்றபின் ஃபோர்செப்ஸ் என்ற இடுக்கிக்குத் தாவினார்களா என்ற விவரங்கள் கேஸ் ஷீட்டில் இருக்க வேண்டும். "வேக்குவம் வைத்துக் குழந்தை எடுக்கப்பட்டது" என்ற ஒற்றை வரியுடன் முடிந்திருந்தால், தவறு நடந்தது என்று பொருள் அல்ல. ஆனால் தவறு நடக்கவில்லை என்று காட்ட அவர்களிடமும் எதுவும் இல்லை.

பிரசவத்தில் ஏற்படும் மூச்சுத்திணறல்தான் குழந்தையின் மூளைப் பாதிப்புக்கு மூலம் என்ற எண்ணம் பழையது. லண்டன் எலும்பு மருத்துவர் வில்லியம் லிட்டில் 1860-களின் தொடக்கத்தில் அதை வலுவாக முன்வைத்தார். பின்னாளில் உளப்பகுப்பாய்வுக்காகப் பெயர்பெற்ற சிக்மண்ட் ஃபிராய்டு அப்போது நரம்பியல் மருத்துவர். கடினமான பிரசவமே சில குழந்தைகளில் கருவிலேயே இருந்த கோளாறின் விளைவாக இருக்கலாமே என்று 1897-ல் அவர் எழுதினார். நூறாண்டு யாரும் பெரிதாகக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இன்று, மூளைமுடக்குவாதம் (செரிபிரல் பால்சி) உள்ள குழந்தைகளில் பெரும்பான்மையினருக்குக் காரணம் பிரசவ நேரத்து மூச்சுத்திணறல் அல்ல என்பது உறுதி.

இதற்கு நான் அடிக்கடி எடுத்துக்காட்டும் ஆய்வு, பிரசவத்தின்போது குழந்தையின் இதயத்துடிப்பை வரைந்துகொண்டே இருக்கும் சிடிஜி கருவியைப் பற்றியது. சுமார் 13,000 பிரசவங்களை வைத்து டப்ளினில் நடந்து 1985-ல் வெளிவந்தது. அவ்வப்போது கருவியைக் காதில் வைத்துத் துடிப்பைக் கேட்ட பிரிவோடு ஒப்பிட்டால், தொடர்ந்து சிடிஜி போட்ட பிரிவில் பச்சிளங்குழந்தை வலிப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. ஆனால் அதே குழந்தைகளை நான்கு வயதில் பார்த்தபோது மூளைமுடக்குவாதம் இரு பிரிவிலும் ஒரே அளவில் இருந்தது. பிற்காலத் தொகுப்பாய்வுகளும் இதையே சொல்கின்றன. கூடுதலாக, சிசேரியன் எண்ணிக்கை கூடுகிறது. அதாவது சில வலிப்புகள் பிரசவ நேரக் கவனிப்பால் தவிர்க்கக்கூடியவை என்பது உண்மை. தவிர்த்த வலிப்பெல்லாம் தவிர்த்த ஊனமாக மாறவில்லை என்பதும் உண்மை. வழக்கில் இரு தரப்பும் இந்த ஆய்வில் தங்களுக்கு வேண்டிய பாதியை மட்டும் எடுத்து வாசிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

அப்படியானால் அலட்சியம் என்று எதைச் சொல்லலாம்? சிடிஜி வரைபடத்தில் துடிப்பு மீண்டும் மீண்டும் சரிந்து, அலைவு தட்டையாகிப் போனதை மணிக்கணக்கில் யாரும் திரும்பிப் பார்க்காதது. துடிப்பு சரியும்போதும் பிரசவ வலியைத் தூண்டும் ஆக்சிடோசின் சொட்டை நிறுத்தாமல் ஏற்றியது. அவசர சிசேரியன் என்று முடிவெடுத்த பிறகு காரணமில்லாமல் நேரத்தைக் கடத்தியது. மூச்சு விடாத குழந்தைக்கு முதல் நிமிடத்திலேயே பையும் முகமூடியும் வைத்துக் காற்றூட்டத் தெரிந்தவர் பிரசவ அறையில் இல்லாதது. இவையெல்லாம் தெளிவான குறைகள். ஆனால் எல்லோரும் பிரசவ மேசையையே உற்றுப் பார்க்கிறார்கள். நான் படித்த கேஸ் ஷீட்டுகளில், எந்த மருத்துவரும் நியாயப்படுத்த முடியாத குறைகள் பெரும்பாலும் பிறந்த பிறகான மணிகளில்தான் இருந்தன. நீரிழிவு உள்ள தாயின் குழந்தைக்கு, எடை குறைந்த குழந்தைக்கு, ரத்தச் சர்க்கரை பார்க்காமலே விட்டிருப்பார்கள். குழந்தை பால் குடிக்கவில்லை, சோர்ந்திருக்கிறது என்று தாய் இரவு முழுக்கச் சொல்லியிருப்பார்; "முதல் குழந்தை, அப்படித்தான் இருக்கும்" என்று பதில் வந்திருக்கும். குதிகாலில் ஒரு துளி ரத்தம் எடுத்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும் விஷயம் அது. வலிப்பு வந்தவுடனும் முதலில் பார்க்க வேண்டியது சர்க்கரையைத்தான், பிறகுதான் மற்றதெல்லாம். வலிப்பு நேரத்துச் சர்க்கரை அளவு பதிவேட்டில் இருக்கிறதா என்று தேடுங்கள்.

உடலைக் குளிர்விக்கும் சிகிச்சை கொடுத்திருக்க வேண்டாமா என்று பின்னூட்டத்தில் ஒருவர் கேட்டிருக்கிறார். ஆக்சிஜன் குறைவால் மூளை மிதமாகவோ கடுமையாகவோ பாதிக்கப்பட்ட நிறைமாதக் குழந்தையை, பிறந்து ஆறு மணி நேரத்துக்குள் தொடங்கி 72 மணி நேரம் சுமார் 33.5 டிகிரி செல்சியஸில் வைத்தால் மரணமும் ஊனமும் குறைகின்றன என்று 2005 முதல் வெளிவந்த ஆய்வுகள் காட்டின. அவை பெரும்பாலும் வசதி மிக்க நாடுகளில் நடந்தவை. இந்தியா, இலங்கை, வங்கதேசம் ஆகிய நாடுகளில் நடந்து 2021-ல் வெளியான ஹீலிக்ஸ் ஆய்வில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. குளிர்வித்த பிரிவில் மரணம் கூடியது. ஏன் என்பதில் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. ஆகவே குளிர்விக்கவில்லை என்பது ஓரிடத்தில் குறையாகவும், இன்னோரிடத்தில் நிதானமான முடிவாகவும் இருக்கலாம். உங்கள் தங்கையின் குழந்தை முதல் ஆறு மணி நேரத்தில் தெளிவாகப் பால் குடித்துக்கொண்டிருந்தது என்றால், அந்தச் சிகிச்சைக்கான அளவுகோலுக்குள்ளேயே அது வந்திருக்காது.

சட்டத்தைப் பற்றி எனக்குத் தெரிந்த அளவு சொல்கிறேன். விளைவு மோசமாக இருப்பது மட்டும் அலட்சியத்துக்குச் சான்றாகாது. அந்தத் துறையில் பொறுப்புள்ள ஒரு சாரார் ஏற்கும் முறைப்படி நடந்திருந்தால் அது அலட்சியம் ஆகாது என்ற போலம் அளவுகோல் 1957-ல் இங்கிலாந்தில் பிறந்தது. 1997-ல் போலிதோ தீர்ப்பு, அந்த முறைக்குத் தர்க்கரீதியான அடிப்படையும் இருக்க வேண்டும் என்று அதை இறுக்கியது. பல நாடுகளின் நீதிமன்றங்கள் இவற்றை ஏதோ ஒரு வடிவில் பின்பற்றுகின்றன. பலர் தடுக்கி விழுவது அடுத்த படியில்: குறை இருந்தது என்று காட்டினால் போதாது, அந்தக் குறையால்தான் இந்தப் பாதிப்பு என்றும் காட்ட வேண்டும். சிடிஜியைப் பார்க்காமல் விட்டது குறைதான். ஆனால் எம்ஆர்ஐ ஒரே தமனியின் ஸ்ட்ரோக்கைக் காட்டினால் இரண்டையும் கோத்துக் காட்டுவது மிகக் கடினம். வழக்குத் தொடர காலவரம்பு உண்டு, அது இடத்துக்கு இடம் மாறும். இதில் என் பேச்சைக் கேட்காமல், மருத்துவ வழக்குகளில் பழகிய வழக்கறிஞரைப் பாருங்கள்.

அதற்கு முன், எழுத்து மூலம் கேட்டு ஆவணங்களை வாங்குங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது. பிரசவ முன்னேற்றப் பதிவு, சிடிஜி வரைபடத்தின் முழு நகல், மருந்துச் சீட்டுகள், செவிலியர் குறிப்புகள், குழந்தைக்கு உயிர்ப்பூட்டிய நிமிடவாரிக் குறிப்பு, தொப்புள்கொடி ரத்த முடிவு, இஇஜி, எம்ஆர்ஐயின் அறிக்கையோடு அதன் சிடி, எல்லாம் வேண்டும். சிடிஜி தாள் வெப்பத்தில் பதியும் வகை என்றால் எழுத்து நாளடைவில் மங்கிவிடும். உடனே படமெடுத்து வையுங்கள். நஞ்சுக்கொடியைத் திசுப் பரிசோதனைக்கு அனுப்பினார்களா என்று கேளுங்கள். தொற்றும் ரத்தக்கட்டியும் அதில்தான் எழுதியிருக்கும், பெரும்பாலும் அதைத்தான் முதலில் தூக்கி எறிவார்கள். தங்கையை உட்காரவைத்து, நினைவு கலையும் முன் நடந்ததை நேரவாரியாக எழுதச் சொல்லுங்கள். யார்மேல் கோபம் என்று வேண்டாம். எப்போது பனிக்குடம் உடைந்தது, நிறம் என்ன, காய்ச்சல் இருந்ததா, அசைவு எப்போது குறைந்தது என்பது போதும். மருத்துவமனையிடம் நேருக்கு நேர் விளக்கமும் கேளுங்கள். நேர்மையாக உட்கார்ந்து பேசும் இடங்கள் நீங்கள் நினைப்பதைவிட அதிகம்.

குழந்தையைப் பற்றி நீங்கள் கேட்கவே இல்லை. தங்கை நிச்சயம் கேட்டுக்கொண்டிருப்பார். வருங்காலத்தைத் தீர்மானிப்பது வலிப்பின் எண்ணிக்கையைவிட அதன் காரணமும் எம்ஆர்ஐயில் தெரியும் பாதிப்பின் அளவும்தான். ஸ்ட்ரோக் வந்த குழந்தைகளில் பலர் நடக்கிறார்கள், பேசுகிறார்கள். சிலருக்கு ஒரு பக்கக் கை பலவீனமாக நிற்கும், சிலருக்குப் பின்னாளில் வலிப்பு திரும்பும். வலிப்பு அடங்கிய குழந்தையை மாதக்கணக்கில் மருந்தில் வைக்க வேண்டியதில்லை என்பதே இன்றைய வழிகாட்டல். ஆனால் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், மருத்துவரிடம் கேளுங்கள். மூன்றாவது மாதத்தில் அசைவுகளை மதிப்பிடத் தெரிந்தவரிடம் காட்டுங்கள், கேட்கும் திறனைச் சோதியுங்கள். ஒரு வயது நிரம்பும் முன்பே ஒரு கையை மட்டும் நீட்டிப் பொம்மை எடுத்து, மறுகையை முஷ்டியாகவே வைத்திருந்தால் காத்திருக்காமல் உடனே இயன்முறைப் பயிற்சியைத் தொடங்கிவிடுங்கள். வழக்கின் முடிவுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. எம்ஆர்ஐ அறிக்கை கையில் வந்ததும், பெயர்களை மறைத்துவிட்டு அதன் வாசகத்தை இங்கே எழுதுங்கள். அதில் இருப்பதை விளக்குகிறேன்.